தொட்டிக்குள் பெய்த மழை

கணவரின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து, கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்த உறவினரெல்லாம் வான் வண்டியில் ஏறிப் போன மறுநாள் மத்தியானம்தான், பின்னறையில் மழை நின்றுவிட்டதைப் பாலேஸ்வரி கவனித்தாள்.

வெளியே நல்ல வெயில். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இருந்த அந்த வீட்டின் யன்னல்களால் உப்புக்காற்று வந்து திரைச்சீலைகளை ஊதிக்கொண்டிருந்தது. நின்றுபோனது வானத்து மழையல்ல. பதினொரு வருடமாக அந்த வீட்டுக்குள் இராப்பகலாகப் பெய்துகொண்டிருந்த ஒரு சத்தம். இலைமேல் விழும் தூறல்போல, காது கொடுத்தால் மட்டும் கேட்கும் சரசரப்பு. புதிதாக வருபவர்கள் எங்கேயோ குழாய் ஒழுகுகிறது என்பார்கள். அவளுக்கு அது கேட்டதேயில்லை. நின்றபோதுதான் கேட்டது.

பின்னறை மேசையில், கறுப்புத் துணி போர்த்த பெரிய மீன் தொட்டி ஒன்று இருந்தது. அதில் மீனுமில்லை, தண்ணீருமில்லை. உளுந்தைவிடச் சற்றுப் பெரிய, மினுக்கமில்லாத கறுப்பு வண்டுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றின் மயிர் முளைத்த பழுப்புநிறப் புழுக்கள் அவற்றைவிடக் கூடுதலாக இருந்தன. அவை தின்னும்போது எழுகிற சத்தம்தான் அந்த மழை.

எல்லாம் அவளுடைய கணவர் இரத்தினசிங்கத்தின் வண்டுகள். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் ஆய்வுகூடத்தில் முப்பத்து மூன்று வருடம் அவருக்கு ஒரே வேலை: செத்த பிராணிகளை எலும்புக்கூடாக்கி மாணவர்களுக்குக் கொடுப்பது. ஒரு வௌவாலையோ கீரியையோ தோலுரித்துக் காயவைத்துத் தொட்டியில் போட்டால், ஒன்றிரண்டு கிழமையில் ஒரு பொருத்தும் உடையாமல் வெள்ளை எலும்பாக எடுக்கலாம். கத்தி கீறும், மருந்து அரிக்கும், வண்டு மட்டும்தான் எடுக்க வேண்டியதை எடுத்து விட வேண்டியதை விடும் என்பார். ஓய்வுபெற்ற அன்று ஒரு பிஸ்கட் டின்னுக்குள் ஒரு பிடி வண்டைப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடங்கள் அதற்குப் பிறகும் அவரிடம்தான் எலும்புக்கூடு கேட்டன.

பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவள் அவள். முதலில் அருவருத்தாள். பிறகு, பின்னேரத் தேத்தண்ணியோடு அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டாள்.

"இஞ்சாரும், காட்டிலை ஒரு மான் செத்தால் அது ஒரு கலியாண வீடு," என்பார். "முதல் பந்தி மொய்க்கிற இலையானுக்கு. ரெண்டாவது பிணவண்டுக்கு. ஈரமெல்லாம் காஞ்ச பிறகு கடைசிப் பந்திக்கு வாறது என்ரை ஆக்கள். ஒண்டும் மிச்சம் விடமாட்டினம்."

"சாப்பிடேக்கை ஏன் உந்தக் கதை?"

"சாப்பாட்டுக் கதைதானே சொல்லுறன். சாணியை உருட்டிப் புதைக்கிற வண்டு, விழுந்த மரத்தை மாவாக்கிற வண்டு, செத்ததைத் தின்னுற வண்டு. இவையள் இல்லையெண்டால் செத்தது செத்தபடியே கிடக்கும். மண்ணுக்கு ஒண்டும் போகாது. மண்ணுக்குப் போகாட்டி மரத்துக்கு ஏது? மரத்துக்கு இல்லாட்டி உமக்கேது?"

தொட்டியின் அடியில் சேரும் பழுப்புத் தூளை அள்ளி, பல்கனியில் நின்ற கறிவேப்பிலைச் சாடிக்குப் போடுவார். அந்தச் செடி வீட்டுக்கூரையைத் தொடப் பார்த்தது.

அவர் செத்ததும் அந்தப் பின்னறைச் சாய்மனைக் கதிரையில்தான். பாலேஸ்வரி சந்தைக்குப் போய் வாழைக்காயும் கீரையும் வாங்கிக்கொண்டு வந்தபோது, மடியில் கண்ணாடியோடு கண்ணை மூடியிருந்தார். நித்திரை என்று நினைத்து அவள் விசிறியைக் கூட்டிவிட்டாள். அந்த நேரமும் தொட்டிக்குள் மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

சாவீட்டுக்கு வந்த பெண்கள் முதல் வேலையாகக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, இறைச்சி, மீன் என்று மச்சமெல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டார்கள். வண்டுகளுக்கென்று அவர் கட்டி வைத்திருந்த கோழிக்கழுத்துப் பைகளும் அதோடு போய்விட்டன. எட்டுச் செலவன்றைக்கு மச்சம் காய்ச்சிப் படைக்கிற குடும்பங்கள் உண்டு. இவர்கள் வீட்டில் அந்த வழக்கமில்லை. முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை இறைச்சியோ மீனோ முட்டையோ படியேறக்கூடாது. ஏறினால், போகிறவரின் வழியில் கல்லைத் தூக்கிப் போட்டதுபோல என்று அவளுடைய மாமியார் சொல்லியிருந்தார். இரத்தினசிங்கம் தனியாகப் போய்விட்டார். பக்கத்தில் அவள் இருக்கவில்லை. இந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பதில் பாலேஸ்வரி பிடியாக இருந்தாள்.

மழை நின்ற அன்று அவள் தொட்டியின் துணியை நீக்கிப் பார்த்தாள். கடைசியாக அவர் போட்டிருந்த காகத்தின் எலும்புகள் பல்லுப்போல வெள்ளையாகக் கிடந்தன. அவற்றின்மேல் புழுக்கள் ஒன்றையொன்று தின்னத் தொடங்கியிருந்தன.

பின்னேரம், எதிர்வீட்டு லுத்பியா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தொட்டியைக் குனிந்து பார்த்தாள்.

"எங்க ஊட்டுல ஆட்டெலும்பு ஈக்கி டீச்சர். ரெண்டு துண்டு போட்டாப் போதும்தானே? நீங்க தொடவும் வேணாம். நான் போடுறேன்."

"வேண்டாம் லுத்பியா. முப்பத்தொண்டு முடியுமட்டும் இந்தப் படியாலை ஏறக்கூடாது."

"அப்ப இதுகள் பட்டினியா?"

"காலமை பருப்பு போட்டுப் பாத்தனான். தொடேல்லை."

லுத்பியாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வண்டையும் சைவமாக்கப் பாத்தீங்களா டீச்சர்?"

பாலேஸ்வரியும் சிரித்தாள். ஒன்பது நாளில் முதல் சிரிப்பு. "நீர் கொஞ்ச நாளைக்குக் கொண்டுபோய் வச்சிருமன்."

"அல்லாவே! எங்க அவர் தொட்டியோட என்னையும் சேத்து வெளிய போடுவார்."

கனடாவிலிருந்து மகள் சாம்பவி தொலைபேசித் திரையில் வந்தாள். ஏழு மாதக் கர்ப்பம். அப்பாவின் சாவுக்கு அவளால் வர முடியவில்லை.

"அம்மா, அதைக் கொண்டுபோய்க் குப்பையிலை போடுங்கோ. அப்பாவே இல்லை. பிறகேன் உந்தச் சனியன்?"

"அப்பா வச்சிட்டுப் போனதிலை உயிரோடை இருக்கிறது அதொண்டுதான், பிள்ளை."

மகள் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். பிறகு, "அப்ப நான் இல்லையோ?" என்றாள். ஆனால் திரை அதற்குள் உறைந்துபோயிருந்தது.

அந்தியேட்டிக்கு இன்னும் இருபத்திரண்டு நாள். அதுவரை எப்படியாவது உயிரோடு வைத்திருந்தால் போதும்.

மறுநாள் அவள் அவருடைய சீப்பை எடுத்தாள். பற்களுக்கிடையில் நரைமயிர் சிக்கியிருந்தது. அதைப் பிரித்தெடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மயிர் மச்சமில்லை. வெளியிலிருந்து வந்ததுமில்லை. வீட்டிலேயே இருந்தது. தொட்டிக்குள் போட்டாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மூலையில் ஒரு துளி. இன்னொரு துளி. அவள் கதவடியை எட்டுமுன் தூறத் தொடங்கிவிட்டது.

அன்று மத்தியானம் அவள் அடித்துப் போட்டதுபோல் உறங்கினாள்.

அதன்பிறகு அவருடைய கம்பளி மஃப்ளர் போயிற்று; நுவரெலியாவுக்குப் போனபோது வாங்கியது. நகவெட்டிப் பெட்டியின் அடியில் கிடந்த நகத்துண்டுகள், மணிக்கூட்டின் தோல்வார், தோல் செருப்பு. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நாளில் இல்லாமல் போயிற்று. செருப்பில் அவருடைய காலின் அச்சு பதிந்திருந்த இடத்தைத்தான் முதலில் தின்றன. விரல்கள் ஐந்தும் ஐந்து ஓட்டையாகத் தெரிந்த ஒரு காலைநேரத்தில், தான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று அவளுக்குத் திடுக்கிட்டது. அலுமாரியைத் திறந்து பார்த்தாள். பருத்திச் சட்டைகள் தோய்த்து மடித்திருந்தன. அவர் உடம்பிலிருந்து உண்டானது என்று ஒன்றும் மிச்சமில்லை. கனத்தை மயானத்தில் எரித்தது போக மிஞ்சியதை அவளே கையால் போட்டு முடித்திருந்தாள்.

தொட்டியின் அடித்தூள் கூடியிருந்தது. அவர் செய்ததுபோலவே அதை அள்ளிக் கறிவேப்பிலைச் சாடியில் கொட்டினாள். அவர் எப்போதோ சொன்னது சரிதான், எதுவும் எங்கேயும் போகவில்லை. அங்கேதான். வேரில்.

பதினேழாம் நாள் சத்தம் மெலிந்தது. அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்று கூந்தலை அவிழ்த்தாள்.

அறுபத்து நாலு வயதிலும் இடுப்புக்கு வரும் தலைமயிர். சீப்பில் வந்ததை முதலில் போட்டாள். பிறகு நுனியைக் கத்தரித்தாள். கைநகம், கால்நகம். குளிக்கும்போது குதிக்காலைக் கல்லால் தேய்த்து, உரிந்த தோலை ஒரு சிரட்டையில் சேர்த்துக் காயவைத்தாள். அவளுக்கு அதில் கூச்சமாக எதுவும் தோன்றவில்லை. இதுவும் மச்சமில்லை. இதுவும் வெளியிலிருந்து வந்ததில்லை. முப்பத்தொன்று கெடவில்லை. பரீட்சை விடைத்தாள் திருத்துவதுபோல ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, சரி போட்டாள்.

வண்டுகளுக்கு அது பிடித்திருந்தது. அவருடைய செருப்புக்கு மூன்று நாள் எடுத்தவை, அவளுடைய தோலை அரை மணித்தியாலத்தில் முடித்தன. மழை பலத்தது. சாய்மனைக் கதிரையைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதிலேயே தலையைச் சாய்த்துப் படுக்கத் தொடங்கினாள். கடலோரத்தால் ரயில் போகும். யன்னல் அதிரும். பிறகு அலை. பிறகு அது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து படியில் கத்தும்வரை அவள் எழும்புவதில்லை.

கறிவேப்பிலை வெறிபிடித்ததுபோல் துளிர்த்தது. இலைகள் உள்ளங்கை அகலத்துக்கு, கறுத்த பச்சையாக, எண்ணெய் பூசியதுபோல் மினுங்கின. சொதிக்கும் பருப்புக்கும் குழம்புக்கும் அவள் அதைத்தான் உருவிப் போட்டாள். இருபதாம் நாள் சொதியை வாயில் வைத்தபோது நாக்கில் ஏதோ தட்டுப்பட்டது. கறிவேப்பிலை வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை. காய்ந்த, இளஞ்சூடான, தலையணை உறை வாசனை. நாற்பது வருடம் அவளுக்குப் பக்கத்தில் படுத்திருந்த தலையின் வாசனை.

அவள் துப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். இன்னொரு அகப்பை விட்டுக்கொண்டாள்.

அந்த வாரத்தில்தான் மெலிவு தெரிந்தது. சட்டை தோளிலிருந்து வழுகியது. லுத்பியா படியில் கண்டு நெஞ்சில் கைவைத்தாள்.

"எனத்த டீச்சர் இது! பாதியாப் போய்ட்டீங்க. சாப்பிடுறீங்களா இல்லையா?"

"சாப்பிடுறன் லுத்பியா. முந்தியை விடக் கூடத்தான்."

அது உண்மை. மூன்று வேளையும் சோறு சாப்பிட்டாள். அப்போதுதான் ஒரு மழைநாளில் அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. கறிவேப்பிலைச் சாடியைக் காட்டி, விரலால் காற்றில் ஒரு வட்டம் கீறிக் காட்டினார். "இது சும்மா சுத்தாது, இஞ்சாரும். ஒவ்வொரு சுத்திலையும் கொஞ்சம் கழிஞ்சு போகும். மூச்சாப் போகும், சூடாப் போகும். அதாலை வெளியிலை இருந்து ஒண்டு வந்து விழுந்துகொண்டே இருக்கோணும். காட்டிலை விழும். மூடின அறையிலை விழாது. மூடின அறையிலை, உள்ளுக்கு இருக்கிறதிலைதான் கழியும்."

அவள் வாசற்கதவைப் பார்த்தாள். முப்பத்தொரு நாளைக்கென்று அவளே சாத்திவைத்த கதவு.

உள்ளுக்கு இருந்தது அவள் ஒருத்திதான்.

இருபத்து நாலாம் நாள் தலைமயிர் கையோடு வந்தது. இழுக்கவே தேவையிருக்கவில்லை, விரலைக் கோதினால், நனைந்த புல்லைப்போல ஒரு கற்றை. பின்னந்தலையில், கதிரையில் சாய்கிற இடத்தில், இரண்டு மூன்று நாளாக அரித்துக்கொண்டிருந்தது. பிறகு அரிக்கவுமில்லை. துக்கத்தில் மயிர் கொட்டும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. யாரும் பார்க்காதபடி ஒரு வெள்ளைத் துணியை எடுத்துத் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கொட்டிய கற்றையைத் தொட்டிக்குள் போட்டாள். இவ்வளவு வந்ததே என்று உள்ளூர ஒரு சந்தோசம். அந்தச் சந்தோசம்தான் அவளை முதலில் பயமுறுத்தியது.

தொட்டியின் துணியை நீக்கியபோது வண்டுகள் எல்லாம் அவள் நின்ற பக்கத்துக் கண்ணாடியில் ஒட்டியிருந்தன. மேசையைச் சுற்றி மற்றப் பக்கம் போனாள். கறுப்பு மெல்ல நகர்ந்தது. ஊர்ந்து, ஒன்றின்மேல் ஒன்றேறி, அந்தப் பக்கக் கண்ணாடிக்கு வந்து நின்றது.

வெளிச்சத்துக்கு ஓடி ஒளிகிற சாதி என்று அவர் சொல்லியிருந்தார். இவை ஒளியவில்லை.

போதும் என்று நினைத்தாள். இனி ஒரு மயிர்கூட இல்லை. இன்னும் ஏழு நாள். பட்டினி கிடந்து செத்தால் சாகட்டும். மூடியை அழுத்திப் பூட்டி, அதன்மேல் அவருடைய தடித்த அகராதியைத் தூக்கி வைத்தாள். பின்னறைக் கதவைச் சாத்தினாள். சாய்மனைக் கதிரையை முன் ஹோலுக்கு இழுத்துவந்தாள்.

முதல் நாள் மழை பெய்தது. நேற்றுப் போட்டது மிச்சமிருக்கும் என்று எண்ணினாள்.

இரண்டாம் நாளும் பெய்தது.

மூன்றாம் நாள் அவள் கதவைத் திறக்கவில்லை. குசினியில் நின்று காய் வெட்டினாள். கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம்தானே பின்னறை, கேட்கத்தான் செய்யும். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். குழாயின் சத்தத்துக்குள்ளும் கேட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி, ரயில்பாதையைக் கடந்து கடற்கரைக் கல்லில் போய் உட்கார்ந்தாள். பின்னேர வெயில் தண்ணீரில் தகதகத்தது. இரண்டு இளம்பெண்கள் கடலை கொறித்துக்கொண்டு சிரித்தார்கள். அலை வந்து பாறையில் மோதி, இழுத்துக்கொண்டு திரும்புகிற இடைவெளியில், மிக மெல்லிதாக, மிகக் கிட்டத்தில், தூறியது.

காதிரைச்சல். வயதுக்கு வருவது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தாள். அகராதி வைத்த இடத்தில் இருந்தது. மூடி அசையவில்லை. துணியை நீக்கினாள்.

தொட்டிக்குள் ஒன்றுமில்லை. மயிரில்லை. நகமில்லை. செருப்பின் ஆணிகள் மட்டும். காகத்தின் எலும்புகளைக்கூட ஒரு மூலைக்குத் தள்ளியிருந்தன. ஆனால் புழுக்கள் கொழுத்திருந்தன. உண்டு களைத்த பிள்ளைகளைப்போலக் கிடந்தன. தூளின் உயரத்தைப் பார்க்கக் கண்ணாடியில் அவர் பேனையால் ஒரு கோடு போட்டிருந்தார். தூள் அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை ஏறியிருந்தது.

மூன்று நாள். ஒன்றும் போடவில்லை.

என்னத்தைத் தின்னுகின்றன?

அன்றைக்குத் தொட்டியைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. நுளம்பு, பூச்சி கொல்லும் மருந்தை எடுத்து மூடியடியில் குழலை வைத்தாள். விரல் அழுத்த மறுத்தது. நாற்பது வருடத்துத் தலையணை வாசனை குழலின் வாயிலிருந்து வந்ததுபோல் இருந்தது. அவரைக் கொல்வதற்கு நிற்பதுபோல் இருந்தது. குப்பியைக் கீழே வைத்தாள். இன்னும் நாலு நாள்தானே என்று வாய்விட்டுச் சொன்னாள்.

சொன்னதும் மழை பலத்தது.

முப்பத்தொராம் நாள் முகத்துவாரத்தில் அந்தியேட்டி நடந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து அவருடைய தம்பி வந்து கிரியை செய்தார். ஐயர் சொல்லச் சொல்ல அஸ்தியைக் கடலில் விட்டார்கள். வெயிலுக்குப் பெண்களெல்லாம் தலையில் முந்தானையைப் போட்டிருந்ததால் அவளுடைய தலைத்துணியை யாரும் கவனிக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு மாமி மட்டும் வானத்தைப் பார்த்தாள்.

"மழை தூறுதோ?"

"இல்லை மாமி," என்றாள் பாலேஸ்வரி. தலைத்துணியை இன்னும் இழுத்துவிட்டாள்.

அன்று பின்னேரம் வீட்டுக்கிருத்தியமும் முடிந்து எல்லோரும் போனார்கள். அவள் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டாள். ஒரு நாளும் மச்சம் படியேறவில்லை. அவருடைய வழியில் ஒரு கல்லுமில்லை. தொட்டியும் உயிரோடிருந்தது. கதவைத் திறந்து விடலாம். நாளைக்கு லுத்பியாவிடம் ஒரு துண்டு எலும்பு வாங்கிப் போட்டால் வட்டம் பெரிதாகிவிடும். தான் வெளியே வந்துவிடலாம்.

மறுநாள் மூன்று மணிக்கு லுத்பியா ஒரு சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தாள். நெஞ்செலும்பு, இறைச்சி ஒட்டியபடி, உப்புப் போடாமல் அவித்துக் காயவைத்தது.

"இனி உங்கட கணக்கு முடிஞ்சிதானே டீச்சர்? பாவம், வயிறாரத் திங்கட்டும்."

பின்னறையில் வெயில் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. லுத்பியா அகராதியை இறக்கி, மூடியைத் திறந்து, மூக்கைச் சுளித்தபடி எலும்பை உள்ளே விட்டாள். பாலேஸ்வரி கதவடியில் நின்றாள்.

வண்டுகள் எழும்பின. எலும்பை நோக்கி வந்தன. அதன்மேல் ஏறின. நிற்கவில்லை. வழியில் கிடந்த கல்லைக் கடப்பதுபோல் அதைக் கடந்து மறுபக்கம் இறங்கி, கதவைப் பார்த்த கண்ணாடிக்கு வந்து சேர்ந்தன.

லுத்பியா சிரித்தாள். "ஆட்டெலும்ப விட்டுட்டு டீச்சரப் பாக்குதுகள். நல்லாத்தான் பழக்கி வச்சிருக்கீங்க."

பாலேஸ்வரி கதவுநிலையில் கையை வைத்தாள்.

"பசிக்கலயா இதுகளுக்கு?"

கடைசி வண்டும் வந்து சேர்ந்தது. பிறகு அசைவில்லை. ஒரு புழுவும் ஊரவில்லை. ஒரு காலும் அசையவில்லை. கண்ணாடி முழுக்க ஒரே கறுப்பு. படம் பிடித்ததுபோல.

மழை பெய்துகொண்டிருந்தது.

லுத்பியாவின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. குனிந்தாள். தொட்டியின் பக்கத்தில் காதை வைத்தாள். நிமிர்ந்தாள்.

"டீச்சர். இதுகள் தின்னாம சும்மா ஈக்குதுகள்."

"ஓம்."

"அப்ப இந்தச் சத்தம் எங்கிருந்து வருது?"

மேசைக்கடியில் பார்த்தாள். யன்னலைப் பார்த்தாள். தலையை ஒருபக்கம் சரித்து, காதால் தேடிக்கொண்டு, ஒரு அடி வந்தாள். இன்னொரு அடி. பாலேஸ்வரிக்கு முன்னால் வந்து, அவளைக் கடந்து, பின்னால் போய் நின்றாள்.

சாப்பாட்டுப் பெட்டியின் மூடி தரையில் விழுந்து உருண்டது.

"டீச்சர்," என்றாள். மூச்சுத்தான் வந்தது. "அந்தத் துணி... அசையுது."

பாலேஸ்வரி கையை உயர்த்தினாள். முடிச்சு தானாகவே இளகியிருந்தது. துணி தோளில் விழுந்தது. அதோடு, மாச்சல்லடையைத் தட்டியதுபோல, பழுப்புத் தூள் சட்டையின்மேலும் வெயில் விழுந்த தரையின்மேலும் சொரிந்தது.

பின்னால் லுத்பியா ஓதத் தொடங்கியிருந்தாள். பின்வாங்கிப் போகும் காலடிகள். சுவரில் முட்டிய சத்தம்.

விரல் காதுக்குப் பின்னால் போயிற்று. மயிர். தோல். தோலின் ஓரம், காய்ந்த அப்பளம்போல.

அதற்கப்பால் தோலில்லை.

வலிக்கவில்லை. குளிர்ச்சியாக, வழுவழுப்பாக, உள்ளங்கை அகலத்துக்கு. ஒரு கீறலுமில்லாமல். எவ்வளவு சுத்தம். விரல் தடவிக்கொண்டே போயிற்று. மண்டையோட்டில் எலும்போடு எலும்பு பொருந்துகிற தையல் ஒன்று அகப்பட்டது. அதில் விரல் நின்றது.

தையல் திறந்திருந்தது. நூல் நுழைகிற அளவுக்கு.

அதற்குள்ளிருந்து நூலளவுப் புழு ஒன்று மெல்ல வெளியே வந்து, அவளுடைய விரல் நுனியில் ஏறி, கொஞ்சம் நின்று, திரும்பி உள்ளே போயிற்று. பின்னால் இன்னொன்று. உள்ளே, வெகு உள்ளே, அவசரமேயில்லாமல், இலைமேல் தூறிக்கொண்டிருந்தது.